வலது பக்கத்துப் பெடல்

அத்தியாயம் 9

"அஞ்சு மணிக்குள்ள அந்த லெட்டர் வந்துருமாம்மா?"

காலையிலிருந்து இது மூன்றாவது ஃபோன். கடிகாரக்காரரின் அக்கா ஒவ்வொரு தடவையும் இதே கேள்வியைத்தான் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் குரல் மட்டும் கொஞ்சம் தேய்ந்துகொண்டே வந்தது.

"வந்துரும்க்கா. சார் பார்த்துக்கிட்டே இருக்காரு" என்று சொல்லி ஃபோனை வைத்தாள் சில்லறை. சார் உண்மையில் பேக்கரி வாசலில் நின்று ரொட்டி பார்த்துக்கொண்டிருந்தார்.

சில்லறை என்பது அம்மா வைத்த பெயர் அல்ல. அந்தப் பெயர் டிரைவிங் லைசென்ஸில் பத்திரமாக இருக்கிறது. எதைச் சொன்னாலும் கையோடு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும் வாய் என்பதால் சர்வேயர் வைத்த பெயர் இது. அவர் இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கின வண்டிகளைப் பார்த்தவர். ஒரு நாள் மேலதிகாரியோடு முறைத்துக்கொண்டு வெளியே வந்து துப்பறியும் போர்டு மாட்டினார். வேலை போனாலும் பட்டம் போகவில்லை. ஊருக்கே அவர் சர்வேயர்தான், சில்லறைக்கு மட்டும் முதலாளி.

ஒன்பது நாளைக்கு முன்னால், காலை பத்து மணிக்கு, இதே பேக்கரி முனையில் ஒரு கார், வாட்ச் ரிப்பேர் செய்கிற கடிகாரக்காரரை அடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. உயிருக்கு ஆபத்தில்லை. வலது கை மட்டும் மணிக்கட்டில் சுக்குநூறு. நாளைக் காலைக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் எலும்பு கோணலாகவே கூடிவிடும், அப்புறம் அந்த விரல்கள் சின்ன ஸ்க்ரூடிரைவரை ஜென்மத்துக்கும் பிடிக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மோதிய வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பேற்று ஒரு கடிதம் கொடுத்தால் போதும், ஆஸ்பத்திரி தயார். கம்பெனி ஐந்து மணிக்குக் கதவைச் சாத்தும்.

வண்டி நம்பரைப் பேக்கரி அம்மா எழுதி வைத்திருந்தாள். அது ஒரு டிரைவிங் ஸ்கூல் கார். இன்சூரன்ஸும் இருந்தது. ஆனால் அதே நாள், அதே பத்து மணிக்கு, அதே நம்பர் கார் ஊரின் மறுகோடியில் லைசென்ஸ் டெஸ்ட் மைதானத்தில் எட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. பரிசோதகர் கையெழுத்தோடு பதிவேட்டில் இருக்கிறது. போலீஸ் கையை விரித்தது. கம்பெனியும் விரித்தது.

"ஒரே வண்டி ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல. சாமியாருங்களாலயே முடியாது சார்" என்றாள் சில்லறை.

சர்வேயர் ரொட்டியிலிருந்து கண்ணை எடுத்து பேக்கரி அம்மாவைப் பார்த்தார். "அந்த வண்டி வேகமா வந்துச்சாம்மா?"

"அதான் இல்லைங்க. பொறுமையாத்தான் வந்துச்சு. கடிகாரக்காரரு குறுக்கே வந்தாரு. நின்னுரும்னு பார்த்தா, பாய்ஞ்சுது."

"உறுமல் விட்டு விட்டு வந்துச்சா, ஒரே மூச்சா வந்துச்சா?"

"ஒரே மூச்சா. அடிச்ச பிறகும் ரெண்டு கடை தாண்டித்தான் அடங்குச்சு. அப்புறம் பறந்துட்டான்."

"ஓட்டினவர்?"

"மூஞ்சி தெரியலை. ஆனா ஒண்ணு. ஸ்டியரிங்கை ரெண்டு கையாலயும் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு, நல்லாப் பின்னால சாய்ஞ்சு உட்கார்ந்திருந்தாரு. பிரேக் போடும்போது உட்காருவாங்களே, அப்படி."

சர்வேயர் ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டார். சந்தோஷம் வந்தால் அவர் எதையாவது வாங்குவார். "ஆளைத் தீர்த்துக்கட்ட வர்றவன் முன்னால குனிவான், சில்லறை. இவன் பின்னால சாய்ஞ்சிருக்கான். அவனைப் பொறுத்தவரைக்கும் அவன் பிரேக்தான் போட்டிருக்கான்."

"பிரேக் போட்டா வண்டி பாயுமா?"

"அதைத் தெரிஞ்சுக்கத்தான் நீ இப்ப கார் ஓட்டக் கத்துக்கப் போறே."

பதினொரு வருடம் ஸ்கூல் வேன் ஓட்டியவளிடம் அவர் சொன்ன வார்த்தை அது.

மணி ஒன்றரை. ஸ்கூட்டரில் போகும்போது பின்சீட்டில் அவர் சட்டைப் பையிலிருந்து ஏதோ எடுத்துப் பார்ப்பது கண்ணாடியில் தெரிந்தது. செலோ டேப் ஒட்டிய ஒரு காகிதத் துண்டு. அதில் பென்சில் கரியில் ஏதோ எண்கள்.

"லவ் லெட்டரா சார்?"

"சேஸி நம்பர். பாலிசி போடும்போது வண்டி உடம்புல பொறிச்ச நம்பர் மேல பென்சிலைத் தேய்ச்சு, டேப்ல ஒத்தி எடுப்போம். காலைல பழைய ஆபீஸ்ல கெஞ்சிக் கூத்தாடி வாங்கினேன். நம்பர் பிளேட்டை யாரும் மாத்தலாம். இதை மாத்த முடியாது." ஒரு நிமிஷம் கழித்து, "உன் ஸ்கூட்டருக்கு இன்சூரன்ஸ் இருக்கா?" என்றார்.

"இருக்கு சார். எங்கேயோ இருக்கு."

எங்கேயும் இல்லை. முடிந்து பதினாலு மாதம் ஆகிறது. இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளித் தள்ளி, கடைசியில் தள்ளுவதே பழக்கமாகிவிட்டது. பார்த்து ஓட்டுகிறோம், நமக்கென்ன வரப்போகிறது என்று தன்னைத்தானே தட்டிக்கொடுத்து வைத்திருந்தாள். கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்துச் சாலையைப் பார்த்து ஓட்டினாள்.

டிரைவிங் ஸ்கூல் ஒரு பழைய வீட்டின் முன்னறை. சுவர் முழுக்க லைசென்ஸ் வாங்கின மாணவர்களின் படம். நடுவில் பிரின்சிபால். மாணவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவரும் அதற்குத் தகுந்த மாதிரி தேய்த்த வெள்ளைச் சட்டையும் மின்னுகிற ஷூவுமாக உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டிய வயது. வாசலில் அவருடைய மாப்பிள்ளை கையெல்லாம் கிரீஸோடு காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நம்பர் அதே நம்பர். பம்பரில் தூசி கூட இல்லை.

"இவ என் தங்கச்சி. கார் கத்துக்கணும்கிறா. உங்களைத் தவிர யார்கிட்டயும் விட எனக்கு தைரியமில்லை" என்றார் சர்வேயர்.

பிரின்சிபால் உச்சி குளிர்ந்து போனார். "முப்பது வருஷம். நாலாயிரம் பேர். என் கையில ஒரு வண்டிக்கும் ஒரு கீறல் கிடையாது. வாம்மா, முதல் கிளாஸை நானே எடுக்கிறேன்."

"நான் இங்கேயே இருக்கேன். அவ ஓட்டுறதைப் பார்த்தா எனக்கு நெஞ்சு வலிக்கும்" என்று சர்வேயர் நாற்காலியில் சாய்ந்தார்.

தெரிந்த வேலையைத் தெரியாத மாதிரி செய்வது எவ்வளவு கஷ்டம் என்று சில்லறைக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கியரைக் கடமுடவென்று இழுத்தாள். இரண்டு முறை வண்டியை அணைத்தாள். பிரின்சிபால் பக்கத்து சீட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"சார், கார் வாங்கினா இன்சூரன்ஸ் கண்டிப்பாப் போடணுமா?" என்று தூண்டிலைப் போட்டாள்.

"சட்டம் அப்படித்தான் சொல்லுது. என்னைக் கேட்டா அநியாயம்." அவருக்குப் பிடித்த பேச்சு போலிருந்தது, குரல் ஏறியது. "ஒழுங்கா ஓட்டுறவனும் கட்டணும், தறுதலையா ஓட்டுறவனும் கட்டணும். எந்த ஊரு நியாயம் இது? நான் முப்பது வருஷமாக் கட்டியிருக்கேன். ஒரு தடவை அவங்க வாசலை மிதிச்சதில்லை. யாரோ குடிச்சிட்டு மோதினதுக்கு நான் தண்டம் அழுதிருக்கேன். பயம் இருக்கிறவன் போட்டுக்கட்டும். கட்டாயம் எதுக்கு?"

"நியாயமாத்தான் படுது" என்றாள் சில்லறை. நடிப்புக்காகச் சொல்லவில்லை. அதுதான் அவளை உறுத்தியது.

முன்னால் ஒரு விளக்குக் கம்பம் வந்தது. வந்த வேலையைச் செய்தாள். "ஐயோ சார்!" என்று கத்திக்கொண்டு வண்டியை நேராக அதன் மேல் விட்டாள்.

கார் கம்பத்துக்கு ஒரு முழம் முன்னால் ஆணி அடித்தது மாதிரி நின்றது. பிரின்சிபால் பின்னால் நன்றாகச் சாய்ந்து, வலது காலை நீட்டி மிதித்திருந்தார். முகத்தில் ஒரு சின்னச் சலனம் கூட இல்லை.

"பயப்படாதேம்மா. என் பக்கமும் பிரேக் இருக்கு."

சில்லறை குனிந்து பார்த்தாள். "என் பக்கம் மூணு பெடல். உங்க பக்கம் ரெண்டுதானா சார்?"

"கத்துக்கொடுக்கிறவனுக்கு ஆக்ஸிலேட்டர் எதுக்கு? இடது கால்ல கிளட்ச், வலது கால்ல பிரேக். தூக்கத்துல தட்டி எழுப்பினாலும் என் வலது கால் பிரேக்லதான் போய் நிக்கும்."

சில்லறை மெதுவாகத் தன் வலது காலைப் பார்த்தாள். வண்டி ஓட்டுகிறவளின் சீட்டில், வலது ஓரத்துப் பெடலின் மேல் அது இருந்தது. ஆக்ஸிலேட்டர்.

பேக்கரி முனை அவள் கண் முன்னால் வந்து நின்றது. திரும்பி வரும் வழியில் அவள் வண்டியை ஒரு குலுக்கல் இல்லாமல் ஓட்டிக்கொண்டு வந்ததை அவளும் கவனிக்கவில்லை. பிரின்சிபால் கவனித்தார்.

உள்ளே சர்வேயர் மேஜை மேல் ஒரு சாவியை வைத்துக்கொண்டு ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார். மாப்பிள்ளை மூலையில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு காருக்கு ரெண்டு சாவி எல்லார் வீட்டிலும் இருக்கும் பிரின்சிபால் சார். ஒண்ணு தேயும், இன்னொண்ணு பீரோவுல தூங்கும். உங்க ஆணியில தொங்குன இதுவும் தேய்ஞ்சிருக்கு, நீங்க எடுத்துட்டுப் போனதும் தேய்ஞ்சிருக்கு. இதுல சிவப்புக் கம்பி, அதுல நீலக் கம்பி. இருக்கிறதே ஒரு கார்னா, எந்தச் சாவி எதோடதுன்னு அடையாளம் எதுக்கு?"

பிரின்சிபால் கையிலிருந்த சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"பின்னால ஒரு ஷெட். பூட்டியிருக்கு. கத்துக்குறவங்களுக்கு நிறுத்தி வைக்கிற கூம்பெல்லாம் வாசலை அடைச்சு அடுக்கியிருக்கு. ஒன்பது நாளா யாருமே அதை எடுத்துப் பாடம் நடத்தலை போலிருக்கே?"

"சார், கால் மேட்டர்" என்று சில்லறை மூச்சு வாங்கினாள். "அவரு பக்கம் வலது ஓரத்துல பிரேக். ஓட்டுற பக்கம் வலது ஓரத்துல ஆக்ஸிலேட்டர். அன்னிக்கு டெஸ்ட் மைதானத்துல இருந்தது மாப்பிள்ளை. பேக்கரி முனையில ஓட்டினது..."

மீதியைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மாப்பிள்ளைதான் ஷெட்டைத் திறந்தார். தார்ப்பாயை இழுத்ததும், அதே நிறம், அதே நம்பர். முன்பக்கம் ஒரு ஹெட்லைட் உடைந்து, பானெட் நெளிந்திருந்தது. முப்பது வருடத்துக் கீறல் மொத்தமும் அங்கே இருந்தது.

பிரின்சிபால் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். தோற்றவர் முகமாக அது இல்லை.

"சரி, ரெண்டு வண்டி. பெடல் இருக்கிறது ஸ்கூல் வண்டி, அதுக்குத்தான் பாலிசி. இது வெறும் வண்டி. நான் மட்டும் ஓட்டுறது. நான் மோத மாட்டேன், அதனால இதுக்கு இன்சூரன்ஸே எடுக்கலை, ஸ்கூல் வண்டி நம்பரையே மாட்டிக்கிட்டேன். போலீஸ்ல சொல்லுங்க, என்னை உள்ளே தள்ளுவாங்க. ஆனா கம்பெனிக்காரன் என்ன சொல்லுவான்? மோதின வண்டிக்குப் பாலிசி இல்லைன்னு கதவைச் சாத்துவான். என்னைப் பிடிச்சா உங்க ஆளுக்குக் கை போச்சு. பேசாமப் போய்ட்டா, ஆபரேஷனுக்கு நானே ஏதாவது பண்றேன். இன்னிக்கு முடியாது. ரெண்டு மாசம் டைம் கொடுங்க."

அவர் சொன்னது அத்தனையும் சரி. ஓடி ஓடிக் கண்டுபிடித்ததே கடிகாரக்காரரின் கையை வெட்டுகிற கத்தியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. அக்கா. மணி மூன்றரை. சில்லறை எடுக்கவில்லை. அது அடித்து அடித்து ஓய்கிற வரைக்கும் நாலு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நாளைக் காலைல ஆபரேஷன் சார். உங்க ரெண்டு மாசத்தை வெச்சு அவரு என்ன பண்ணுவாரு?" என்றாள் சில்லறை. "முப்பது வருஷம் நல்லா ஓட்டினீங்க, ஒத்துக்கிறேன். அந்த ஆளும் முப்பது வருஷமா நல்லாத்தானே நடந்தாரு? நீங்க போட வேண்டிய இன்சூரன்ஸ் உங்களுக்கில்லை சார். எதிர்ல நடந்து வர்றவருக்கு."

சொல்லி முடித்ததும் கன்னம் சூடாகிவிட்டது. இந்த வார்த்தையைச் சொல்ல இந்தக் கூட்டத்திலேயே தகுதி இல்லாத ஆள் தான்தான் என்று அவளுக்குத் தெரியும்.

சர்வேயர் இதற்குள் நசுங்கின காரின் முன்கதவைத் திறந்து, ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டின் கீழே தலையை விட்டிருந்தார். காலடி மிதியடியைத் தூக்கினார்.

"மாப்பிள்ளை சார், இந்த நாலு ஓட்டையும் என்ன?"

தரைத் தகட்டில் வரிசையாக நாலு துளைகள். ஒவ்வொன்றிலும் கறுப்பு ரப்பர் அடைப்பு.

மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கிரீஸ் கையைப் பார்த்தார். "மாமா... திட்டாதீங்க. ஸ்கூல் வண்டிக்கு ரெண்டு மாசம் முன்னாலயே கிளட்ச் சறுக்க ஆரம்பிச்சிருச்சு. டெஸ்டுக்கு எடுத்துட்டுப் போனா நடுவுல நின்னுரும். உங்ககிட்ட சொன்னா, நான் கிளட்ச் மேல கால் வச்சே ஓட்டிக் கெடுத்துட்டேன்னு ஒரு வாரம் பாடம் எடுப்பீங்க. அதான் இந்த ஓட்டையில இருந்த பெடலைக் கழட்டி உங்க வண்டியில மாட்டிட்டேன். உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு சீட் கவரையும் மாத்தினேன். சாவிக் கம்பியையும் மாத்தினேன். டெஸ்ட் முடிஞ்ச அன்னிக்கு ராத்திரியே கிளட்ச்சையும் சரி பண்ணிட்டேன்."

"அப்ப இது?"

"இதுதான் மாமா ஸ்கூல் வண்டி. ரெண்டு மாசமா நீங்க ஓட்டிக்கிட்டிருந்தது இதைத்தான்."

சர்வேயர் பானெட்டின் நெளிசலை இரண்டு கையாலும் நெம்பித் திறந்தார். சட்டைப் பைக் காகிதத்தை உள்ளே பொறித்திருந்த எண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தார். சில்லறை எட்டிப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுப் படித்தாள்.

பதினேழும் அப்படியே பொருந்தின.

"பாலிசி பிளேட்டுக்கு இல்லை, பெடலுக்கும் இல்லை. இந்த இரும்புக்கு" என்று சர்வேயர் ஃபோனை எடுத்தார். "டேய், நான்தான். மோதின வண்டி உங்க வண்டியேதான். பதிவேட்டுல இருக்கிற வண்டிதான் வேற. ஆளை அனுப்பு, கேமராவோட. ஓட்டினவர்கிட்ட நீங்க பிறகு வசூல் பண்ணிக்கங்க, கேஸ் போடுங்க, என்ன வேணா பண்ணுங்க. அடிபட்டவருக்கு லெட்டர் இன்னிக்கு வரணும்."

பிரின்சிபால் அங்கே அடுக்கியிருந்த பழைய டயர்கள் மேல் உட்கார்ந்துவிட்டார். தேய்த்த சட்டை கசங்கியது, அவர் கவனிக்கவில்லை.

"அவரு குறுக்கே வந்ததை நான் பார்த்தேன்" என்றார் யாரையும் பார்க்காமல். "பார்த்த உடனே மிதிச்சேன். நாலாயிரம் பேரைக் காப்பாத்தின கால் இது. மிதிக்க மிதிக்க வண்டி போய்க்கிட்டே இருக்கு. பிரேக் பிடிக்கலைன்னு இன்னும் அழுத்தினேன். முப்பது வருஷமா அங்கதான் பிரேக் இருந்துச்சு." தன் காலைப் பார்த்துக்கொண்டே, "இறங்கியிருக்கணும். இறங்கினா, மோதிட்டேன்னு ஆயிரும்னு போய்ட்டேன்" என்றார்.

சில்லறைக்கு அவர் மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. தேடிப் பார்த்தாள், அகப்படவில்லை. அவர் வலது கால் மட்டும் இன்னும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

கம்பெனி ஆள் நாலரைக்கு வந்து படம் எடுத்தார். பின்னாலேயே போலீஸும் வந்தது. நாலு அம்பதுக்குக் கடிதம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. சில்லறை அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னாள். அந்தப் பக்கம் அழுகைதான். நடுவில் ஒரு ஆண் குரல், "யாருக்கா ஃபோன்ல? எதுக்கு அழறே?" என்று பதறிக் கேட்டது.

வாசலில் ஸ்கூட்டர் நின்றிருந்தது. சாவியைப் போட்டுவிட்டு அவள் திரும்பிப் பார்த்தாள். சர்வேயர் ஏறவில்லை. மீதி ரொட்டியைத் தின்றுகொண்டு பிளாட்பாரத்தில் நின்றார்.

"ஏறுங்க சார்."

"எங்கேயோ இருக்குன்னியே, எங்கே?"

அவள் வாயைத் திறந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளிடம் திருப்பிக் கொடுக்கச் சில்லறை இல்லை.

"பதினாலு மாசம் ஆச்சு சார்" என்றாள்.

"இங்கேருந்து ஒன்றரை கிலோமீட்டர்ல என் பழைய ஆபீஸ். அஞ்சுக்குக் கதவைச் சாத்துவான். பாலிசி போடுற ஜன்னலை ஆறு வரைக்கும் திறந்து வச்சிருப்பான்."

அவள் சாவியைத் திருப்பி எடுத்துப் பைக்குள் போட்டாள். ஸ்டாண்டை எடுத்துவிட்டு, ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். தெரு முனையில் யாரோ ஒருவர் குறுக்கே வந்தார். தள்ளிக்கொண்டு போகிற வண்டிதான், இருந்தாலும் இரண்டு பிரேக்கையும் பிடித்து நின்று, அவர் முழுசாகக் கடந்து போகிறவரைக்கும் காத்திருந்தாள்.

"பெட்ரோல் தீர்ந்துபோச்சாம்மா?" என்று கேட்டார் அவர்.

"இல்லைங்க. நீங்க போங்க" என்றாள்.